பேயைத் தேடிப் போகும் பிள்ளைகள்: சிங்கப்பூருக்கென்று தமிழில் ஒரு கதை வேண்டாமா?

செங்காங் வாசகி:

தமிழில் சிறுவர்களுக்கு எழுதப்படும் பேய்க்கதைகள் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு வருத்தம் உண்டு. நான் படித்த முக்கால்வாசிக் கதைகளில் பேய் கடைசிவரை பேயாக இருப்பதில்லை. பாழடைந்த பங்களாவில் வெள்ளைச் சேலை அசையும், பிள்ளைகள் நடுங்குவார்கள். அப்புறம் ஒரு மாமாவோ போலீஸ்காரரோ டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே கடத்தல்காரன் நிற்பான். "பேயாவது பிசாசாவது" என்று ஒரு பெரியவர் புத்திமதி சொல்லி முடித்துவைப்பார். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளையின் முகம் அப்படியே விழுந்துவிடும்.

நான் நடத்தும் வாசிப்புக் குழுவில் தொடக்கநிலை 4லிருந்து உயர்நிலை 2 வரை பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுக்குள் கைமாறிக்கொண்டே இருப்பது ஜொனாதன் ஸ்ட்ரௌட் எழுதிய 'லாக்வுட் அண்ட் கோ' வரிசை. 2013 முதல் 2017 வரை வந்த ஐந்து நாவல்கள். பிரிட்டன் முழுவதும் இரவானால் ஆவிகள் கிளம்பிவிடுகின்றன. அவை தொட்டால் உயிர் போய்விடும். பெரியவர்களின் கண்ணுக்கு அவை சரியாகத் தெரியாது. பிள்ளைகளுக்குத்தான் தெரியும், கேட்கும். வயது ஏற ஏற அந்தத் திறன் மங்கிவிடும். அதனால் பிள்ளைகளே வாளும் உப்பும் இரும்புச் சங்கிலியும் தூக்கிக்கொண்டு இரவு வேலைக்குப் போகிறார்கள். பேய் விரட்டும் பெரிய நிறுவனங்களில் மேற்பார்வைக்குப் பெரியவர்கள் இருப்பார்கள். லாக்வுட் என்ற பையனின் நிறுவனத்தில் தொடக்கத்தில் மூன்றே பேர், மூவரும் இளையர்கள்.

பிள்ளைகளை இழுப்பது வெறும் பயம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரியவர்களால் முடியாத ஒரு வேலை, தாங்கள் செய்யாவிட்டால் நடக்காத வேலை, அந்தக் கதையில் அவர்களுக்குக் கிடைக்கிறது. வீட்டில் எதைத் தொட்டாலும் "நீ சும்மா இரு" என்று கேட்கும் பன்னிரண்டு வயதுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

குழுவில் ஒரு பெண்பிள்ளை இரும்புச் சங்கிலி வட்டத்தைப் பற்றிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், எங்க தம்பி பிறந்தப்ப பாட்டி தொட்டிலுக்கு அடியில ஒரு கத்தியும் வேப்பிலையும் வச்சாங்க. அது இதுக்குத்தானா?" இதற்குத்தான் என்றேன். மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். இரவில் கறிச்சோறு கொண்டுபோனால் கூடவே ஒரு கரித்துண்டு, உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவது, உச்சிவேளையில் புளியமரத்தடியில் நிற்கக் கூடாது என்பது. லண்டன் கதையில் வரும் உப்பும் இரும்பும் இவர்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அதை வைத்து இவர்களுக்கு ஒரு தமிழ் நாவல்தான் இல்லை.

சிங்கப்பூரில், தமிழ்ப் பிள்ளைகள் பேய் தேடிப் போகும் ஒரு கதை எப்படி இருக்க வேண்டும்? எல்லாரும் சொல்லுங்கள்.

நள்ளிரவு நிலா:

அக்கா, நான் உயர்நிலை 3. அந்த ஐந்து புத்தகங்களையும் படித்துவிட்டேன். 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் தொடராக வந்தது, எட்டுப் பகுதிகள். அதே ஆண்டு மே மாதம் அடுத்த பருவம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை!

தமிழில் நானே ஒன்று எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் ஒழுங்கானதும் இங்கே சொல்கிறேன்.

பழைய முரசு வாசகர்:

இந்த உற்சாகத்துக்கு நடுவில் குறுக்கே பேசுவது எனக்குச் சங்கடம்தான். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் தமிழர்கள் மூடநம்பிக்கையை எதிர்த்துப் பாடுபட்டது சின்ன வரலாறு இல்லை. 1929லும் 1954லும் பெரியார் இங்கே வந்து பேசினார். 1932ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935ல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். பேயோட்டுகிறேன், மாந்திரீகம் பார்க்கிறேன் என்று ஏழைத் தொழிலாளியின் கூலியைப் பிடுங்கியவர்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நான். பிரசவம் முடிந்து சோர்ந்து கிடந்த பெண்ணை மருத்துவரிடம் கூட்டிப்போகாமல் "காத்து கறுப்பு" என்று உடுக்கை அடித்த வீடுகளும் எனக்குத் தெரியும்.

வாசகி குறை சொல்லும் அந்த முடிவு, பெரியவர் வந்து டார்ச் அடித்துக் காட்டும் முடிவு, சும்மா வந்ததில்லை. பிள்ளைகளின் பயத்தைப் போக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் அப்படி எழுதினார்கள். அதை ஏமாற்றம் என்று தள்ளிவிட முடியுமா? தொட்டிலுக்கு அடியில் கத்தி வைப்பதை "இதற்குத்தான்" என்று பிள்ளையிடம் சொல்வது நல்லதா?

உட்லண்ட்ஸ் ஆசிரியர்:

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மணிமேகலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

'சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை'யில் சார்ங்கலன் என்று ஒரு சிறுவன் வருகிறான். புகார் நகரத்துச் சுடுகாட்டுக் கோட்டத்தைச் சுற்றி மதில் இருக்கிறது. அது ஏதோ ஊர் என்று நினைத்துத் தனியாக உள்ளே போய்விடுகிறான். ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு குதித்துக் கூத்தாடுவதைப் பார்க்கிறான். ஓடிவந்து தாய் கோதமையிடம் சொல்கிறான், சொன்ன கையோடு உயிரை விட்டுவிடுகிறான். தாய் மகனின் உடலைச் சுமந்துகொண்டு நள்ளிரவில் கோட்டத்துக்குப் போய், காவல் தெய்வமான சம்பாபதியைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறாள். சம்பாபதி சொல்லும் பதில்தான் முக்கியம். அணங்கும் பேயும் உயிரைத் தின்பதில்லை, அவனுடைய ஊழ்வினைதான் உயிரைக் கொண்டுபோனது என்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு மகனைக் கொடு என்று தாய் மன்றாடுகிறாள். அதுவும் நடக்காது என்று சொல்லிவிடுகிறாள்.

அந்தக் கதையில் பேய் உண்மையாகவே ஆடுகிறது. ஆனால் கொல்வது அது இல்லை. சீத்தலைச் சாத்தனார் பேயையும் வைத்துக்கொண்டார், பயத்தையும் கேள்வி கேட்டார். நம் பிள்ளைகளுக்கான எழுத்தில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று எப்போதோ முடிவாகிவிட்டது போலிருக்கிறது.

வகுப்பில் நான் இந்தப் பகுதியைக் கதையாகச் சொல்வதுண்டு. வழக்கமாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் "அப்புறம் அந்த அம்மா என்ன சார் செஞ்சாங்க?" என்று கேட்கும்.

செங்காங் வாசகி:

ஐயா, நீங்கள் சொன்னது எனக்குப் புரிகிறது. கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டில் கத்தி பற்றி ஒரு விளக்கம். "இது வழக்கம், இதை நம்பித்தான் வைத்தார்கள்" என்றுதான் பிள்ளையிடம் சொன்னேன். நம்பச் சொல்லவில்லை. நம்பிக்கையின் கதை தெரிந்த பிள்ளை அதைத் தாண்டுவது எளிது என்றே நினைக்கிறேன்.

இந்த நாவல்களில் பேயோட்டி வருவதே இல்லை என்பதையும் கவனியுங்கள். மந்திரம் இல்லை, தாயத்து இல்லை, காணிக்கை இல்லை. இருப்பது படிப்பு. மூவரில் ஜார்ஜ் என்ற பையனுக்கு முக்கியமான வேலையே நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் உட்கார்ந்து, அந்த வீட்டில் யார் இருந்தார்கள், எப்போது, எப்படி இறந்தார்கள் என்று தேடுவதுதான். முதல் புத்தகத்தின் ஆரம்பத்திலேயே லாக்வுட்டும் லூசியும் ஜார்ஜின் ஆராய்ச்சி முடியும்வரை பொறுக்காமல், இரும்புச் சங்கிலியும் எடுத்துக்கொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். வீடே எரிந்துபோகிறது. பெருந்தொகை நஷ்டஈடு தலையில் விழுகிறது. படிக்காமல் போனால் இதுதான் கதி என்று எந்தப் பெரியவரும் அங்கே வந்து உபதேசம் செய்வதில்லை. நடந்ததைப் பார்த்தே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

(இனி வருவது முதல் புத்தகத்தின் முடிவைத் தொடும். படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள்.) அந்த வீட்டில் இருந்த ஆவி கொலையுண்ட ஓர் இளம்பெண். பல பத்தாண்டுகளாகச் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்தவள். லூசிக்கு அவளுடைய குரல் கேட்கிறது. வேலை முடிந்ததும் மற்றவர்களுக்கு அது முடிந்துபோன கதை. லூசிக்கு மட்டும் முடியவில்லை, அவளை யார் இப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும். அந்தப் பெண்ணின் கழுத்தில் இருந்த லாக்கெட் ஒன்றைப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசியில் கொலைகாரனிடமே நிற்கிறார்கள். பிசாசைவிட உயிரோடு இருந்த மனிதன்தான் அங்கே பயங்கரம். ஐயா, சீர்திருத்தக்காரர்கள் சொல்ல நினைத்ததும் கிட்டத்தட்ட இதுதானே?

ஈசூன் அம்மா:

நான் வேறொரு கவலையோடு வந்திருக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. யாரோ கைத்தொலைபேசியில் காட்டிய ஒரு குட்டிக் காணொளியைப் பார்த்துவிட்டு, லிஃப்ட்டில் தனியாக ஏற மாட்டேன் என்கிறாள். லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே மூலையில் ஒரு முகம். அவ்வளவுதான் அந்தக் காணொளி, கதையே இல்லை. நாங்கள் பதினோராவது மாடி. பள்ளிவிட்டு வரும்போது அவளுக்காக நான் கீழே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பேய் உண்மையாகவே வர வேண்டும், ஆபத்தும் உண்மையாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எத்தனை வயதுக்கு? பிள்ளைகள் சாகும் கதையை யார் பிள்ளைகளுக்குக் கொடுப்பது? எனக்கு அந்தப் பழைய டார்ச் அடிக்கும் மாமாவையே பிடித்திருக்கிறது.

உட்லண்ட்ஸ் ஆசிரியர்:

நியாயமான கேள்வி. ஒன்பது வயதுக்கு ஸ்ட்ரௌட்டைக் கொடுக்க மாட்டேன். பதினொன்று, பன்னிரண்டுக்கு மேல் என்றால் சரி.

சின்னப் பிள்ளைகளுக்கு வேறு வகை உண்டு. ஜெர்மானிய எழுத்தாளர் கோர்னேலியா ஃபூங்கே 1993ல் தொடங்கிய பேய்வேட்டை வரிசையில் டாம் என்று ஒரு பயந்தாங்கொள்ளிப் பையன் வருகிறான். வீட்டு நிலவறைக்குள் பேய் இருக்கிறது என்கிறான், வீட்டில் யாரும் நம்பவில்லை. பேய்களைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒரு பாட்டியம்மாவிடம் போகிறான். கடைசியில் பார்த்தால் அந்தப் பேயே பாவம், அதைவிடக் கொடிய பேய் ஒன்று அதன் வீட்டை விட்டுத் துரத்தியிருக்கிறது. டாமும் பாட்டியம்மாவும் அந்தச் சின்னப் பேயும் சேர்ந்துகொண்டு பெரிய பேயை எதிர்க்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன் அம்மா.

நம்மிடமும் அந்த வகைப் பேய்கள் இருக்கின்றன. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் பாடும் பேய்களைப் பாருங்கள். பசி, பசி என்று வாடிப்போய்க் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்தில் கூடிக் கூழ் அடுகின்றன. எத்தனை வகைப் பேய்கள், எத்தனை குறும்பு! போர்க்களத்தை விட்டுவிட்டு அந்தப் பசிக்கும் பேய்களை மட்டும் ஒருவர் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்தால் நான் தூக்கிவைத்துக் கொண்டாடுவேன்.

ஈசூன் அம்மா:

அந்த டாம் புத்தகத்தை நூலகத்தில் தேடிப் பார்க்கிறேன் சார். ஆனால் பெரிய பிள்ளைகளுக்கானதைச் சின்னது எடுத்துப் படித்துவிடும் என்ற பயம் எனக்குப் போகவில்லை. அட்டையில் வயதைப் பெரிதாகப் போட வேண்டும். இதை நான் விடமாட்டேன்.

குவீன்ஸ்டவுன் தம்பி:

சிங்கப்பூர்க் கதை என்றால் பேய்க்கு இங்கே பஞ்சமே இல்லை. தேசிய சேவைக்குப் போன எவரைக் கேட்டாலும் ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் மூன்றாவது கதவு வைத்த படுக்கையறைக் கதையைச் சொல்வார்கள். பழைய சாங்கி மருத்துவமனை, பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய், அது குடியிருக்கும் வாழைமரம். சீனர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கும் ஏழாம் மாதம் வந்தால் புளோக்குக்குக் கீழே காகிதம் எரியும், கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடையின் முதல் வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விட்டிருப்பார்கள், நம்ம பிள்ளைகளும் அதைத் தாண்டித்தான் டியூஷனுக்குப் போகிறார்கள்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டு ஆண்டி தன் மாமியாருக்குப் படையல் போடுகிறார். நம்ம கதையில் அதை ஒரு பிள்ளை உப்புத் தூவி விரட்டினால் எப்படி இருக்கும்? அவருக்கு அது பேய் இல்லை, பெரியவங்க. முதல் வரிசையில் ஒரு பையன் தெரியாமல் உட்கார்ந்துவிட்டான் என்று கதை வந்தால், அவனுடைய சீன நண்பன்தான் அவனை எழுப்பி நகர்த்தி உட்காரவைக்க வேண்டும். அந்த நண்பனுக்கும் கதையில் பாதி வேலை இருக்க வேண்டும்.

நம்ம பக்கமும் இது உண்டு. காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயில் 1932ல் ரயில்வே தொழிலாளிகள் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டதிலிருந்து வந்தது. எங்க தாத்தா இரவு வேலைக்குப் போகும்போது முனியைக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார் என்று அப்பா சொல்வார். காவல்காரச் சாமி. அவரைப் போய் வாளோடு துரத்தும் கதையை எழுதினால் எங்க வீட்டில் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

செங்காங் வாசகி:

தம்பி சொன்னதை இந்த இழையிலேயே முக்கியமான கருத்தாக எடுத்துக்கொள்கிறேன். இங்கே நான்கு இனங்களின் இறந்தவர்கள் ஒரே மண்ணில் இருக்கிறார்கள். லண்டன் கதைபோல் எல்லா ஆவிகளையும் ஒரே பட்டியலில் போட்டு, முதல் வகை, இரண்டாம் வகை என்று பிரிக்க இங்கே முடியாது.

ஸ்ட்ரௌட்டின் உலகத்தில் ஒவ்வோர் ஆவியும் ஏதோ ஒரு பொருளோடு கட்டுண்டிருக்கும். எலும்பாக இருக்கலாம், நகையாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து வெள்ளி வலையால் மூடினால் ஆவி அடங்கும். இந்த விதியைச் சிங்கப்பூரில் வைத்துப் பாருங்கள். பிடாடரி இடுகாடு 1972ல் மூடப்பட்டது. 2001லிருந்து 2006க்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இன்று அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகள். பீஷானும் அப்படித்தான், பெரிய சீன இடுகாடு இருந்த இடம். புக்கிட் பிரௌன் இடுகாட்டின் வழியாகச் சாலை போய்விட்டது. சுவா சூ காங் இடுகாட்டில் இப்போது புதைத்தாலும் 15 ஆண்டுகள்தான் இடம், அதன் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். எலும்பு ஓரிடம், வாழ்ந்த வீடு இடிந்துபோய் வேறொரு புளோக், பேரப்பிள்ளைகள் தீவின் இன்னொரு மூலை. அப்படியென்றால் ஆவி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இந்தக் கேள்வியை லண்டனில் இருந்து எழுதுபவர் கேட்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பிள்ளைக்கு இதுதான் முதல் புதிர்.

உண்மையான கல்லறைகளையும் அவற்றில் இருக்கும் பெயர்களையும் தொட வேண்டாம். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நள்ளிரவு நிலா:

சரி, இப்போது என் கதையைச் சொல்கிறேன்.

மூன்று பேர். ஓர் அக்கா, அவள் தம்பி, தம்பியின் சீன நண்பன் (குவீன்ஸ்டவுன் அண்ணன் சொல்வதற்கு முன்பே வைத்துவிட்டேன்!). அக்காவுக்கு வாசனையில் தெரியும். லாக்வுட் கதையில் குளிர், துர்நாற்றம், மனச்சோர்வு, காரணமில்லாத பயம் என்று நான்கு அறிகுறிகள் முதலில் வரும். என் கதையில் வாசனை மட்டும்தான். ஒவ்வோர் ஆவியும் தான் செய்த வேலையின் வாசனையோடு வரும்.

முதலில், ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர் ஒருவரை ஆவியாக வைத்திருந்தேன். ரயில் பாதையில் வருவார், பிள்ளைகளைத் துரத்துவார். எப்படி இருக்கிறது?

உட்லண்ட்ஸ் ஆசிரியர்:

மகளே, அதை மாற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் பாதையில் இறந்துபோனார்கள். அவர்களைப் பற்றி எழுது, கட்டாயம் எழுது. ஆனால் பிள்ளைகளைத் துரத்தும் பேயாக எழுதாதே. காலராவிலும் பட்டினியிலும் போனவரைக் கதைக்காக இன்னொரு முறை பயங்கரமாக்குவது சரியில்லை. அந்தப் பாதை நம் ஊருக்குள் ஓடவும் இல்லை. தாய்லாந்து, பர்மாக் காட்டில் இறந்தவர் ஏன் இங்கே வருகிறார் என்ற கேள்விக்கும் உன் கதையில் பதில் வேண்டும்.

வாசனை யோசனை அருமை. அதை விடாதே.

பழைய முரசு வாசகர்:

இங்கேயே இறந்தவர் வேண்டுமென்றால் பிரஸ் பாசா பக்கம் போ, பேத்தி.

1825ல் சுமத்ராவில் இருக்கும் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். 1873 வரை சிங்கப்பூர் கைதிகளின் தீவு. சென்னை மாகாணத்திலிருந்தும் வந்தார்கள், வங்காளத்திலிருந்தும் வந்தார்கள். பிரஸ் பாசா சாலையில் அவர்களுடைய சிறை இருந்தது. அந்தச் சிறையில் கைதிகளுக்குக் காவல் இருந்தவர்களும் கைதிகளே. சாலை போட்டார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், 1862ல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினார்கள். இப்போது இஸ்தானா என்று சொல்லும் அதிபர் மாளிகையிலும் அவர்களுடைய உழைப்புதான்.

தேவாலயத்தின் உட்சுவர்ப் பூச்சுக்கு என்ன கலந்தார்கள் தெரியுமா? சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை. மூன்றையும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை விட்டுப் பூசி, காய்ந்ததும் பளிங்குபோல் தேய்த்தார்கள். சென்னைச் சுண்ணாம்புச் சாந்து. உன் கதையில் வாசனைதானே முக்கியம்? பிரஸ் பாசா பேருந்து நிறுத்தத்தில் நடு இரவில் வெல்லப்பாகும் ஈரச் சுண்ணாம்பும் மணந்தால், யார் வந்திருக்கிறார் என்று அந்த அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

பேய் உண்டு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஆளைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாதே என்ற ஆதங்கத்தில் சொல்கிறேன். ஒரு நிபந்தனை. கடைசி அத்தியாயத்தில் ஒரு சாமியாரோ மந்திரவாதியோ வந்து பிள்ளைகளைக் காப்பாற்றக் கூடாது.

செங்காங் வாசகி:

ஐயா, டார்ச் அடிக்கும் மாமாவும் வரக் கூடாது. இந்த ஒன்றில் நாம் இருவரும் ஒரே கட்சி!

நள்ளிரவு நிலா:

தாத்தா, இதைப் படித்ததும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிட்டேன். நேற்று தேவாலயத்துக்குப் போய்ச் சுவரைத் தொட்டும் பார்த்தேன்.

ஆவி இப்போது ஒரு கொத்தனார்க் கைதி. இரவில் புதுக் கட்டடங்களின் சுவர்களில் வெள்ளையாகக் கைத்தடம் விழுகிறது. அந்தச் சுவரைத் தொட்டவர்கள் காய்ச்சலில் படுத்துவிடுகிறார்கள். மூவரும் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் தேடுகிறார்கள் (பழைய சிறை இருந்த இடத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம்). கடைசியில் அவருடைய பெயரைக் கண்டுபிடித்துச் சத்தமாகச் சொல்கிறார்கள், அவர் மறைந்துவிடுகிறார். முடிவு சரியா?

குவீன்ஸ்டவுன் தம்பி:

கைத்தடம் சூப்பர். முடிவு மட்டும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்மா. பெயரைச் சொன்னதும் பேய் போய்விடுவது ரொம்பக் கதைகளில் வந்துவிட்டது. அவருக்கு என்ன வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் யோசி.

செங்காங் வாசகி:

நிலா, ஒரு யோசனை. தண்டனை முடிந்த கைதிகளில் நிறையப் பேர் ஊருக்குத் திரும்பவே இல்லை. இங்கேயே வேலை தேடி, கல்யாணம் செய்து, குடும்பமாகிவிட்டார்கள். அப்படியென்றால் உன் கொத்தனார் ஏன் போக வேண்டும்? அவர் கட்டிய ஊர் இது. பேய் என்றால் விரட்டி அனுப்பியே ஆக வேண்டும் என்று பிள்ளைகளை அமர்த்திய கட்டட முதலாளி நினைக்கலாம். காசு கொடுப்பவர் அவர். உன் மூவரும் உண்மையைத் தெரிந்துகொண்ட பிறகு, விரட்டுவதா வேண்டாமா என்று தாங்களே முடிவெடுக்கட்டும். அந்த முடிவு ஆபத்தாக இருக்கட்டும். காய்ச்சல் நிஜம், தம்பியே அந்தச் சுவரைத் தொட்டுவிடட்டும். அதற்குள் அவர்கள் பேரம் பேசியாக வேண்டும். பெரியவர் யாரும் இல்லாத அந்த ஓர் இரவில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் உன் புத்தகம்.

இன்னொன்று. கதையை எழுத்துத் தமிழில் சொல், பிள்ளைகள் பேசுவது பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். பயந்து ஓடும் பிள்ளை "அங்கே யாரோ நிற்கிறார்கள்" என்று கத்தாது.

நள்ளிரவு நிலா:

தம்பியே தொடுகிறான்! அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. அப்போது காய்ச்சல் ஏறுவதற்குள் அவர் இன்னும் எதைப் பூசிக்கொண்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இடிக்கப்போகும் ஒரு பழைய சுவராக இருக்கலாம், முதலாளி அதை இரவோடு இரவாக இடிக்கப் பார்க்கிறார். சீன நண்பனின் தாத்தா அதே தெருவில் கடை வைத்திருந்தவர், அந்தச் சுவரைப் பற்றி அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கான்டனீஸில்தான் பேசுவார், பேரன்தான் இவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கைதிகளைப் பற்றி இன்னும் எங்கே படிக்கலாம் சார்?

உட்லண்ட்ஸ் ஆசிரியர்:

தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' இணையத்தளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்தித்தாள்கள் இருக்கின்றன, தமிழ் முரசின் பழைய இதழ்களும் இருக்கின்றன. பிரஸ் பாசா, கைதிகள், சிறை என்று ஆங்கிலத்தில் தேடு. கடைக்காரத் தாத்தா எப்படிப் பேசுவார் என்று கேட்க வேண்டுமென்றால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளைக் கேள். பழைய தெருக்களைப் பற்றி அங்கே நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள், தமிழிலும் உண்டு. நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, அதையும் பார்த்துக்கொள். முகத்தை எப்படிக் காட்டுவது என்று நீ முடிவு செய்ய வேண்டிவரும்.

ஈசூன் அம்மா:

நிலா, முதலில் நானே படித்துப் பார்க்கிறேன் அம்மா. என் மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். மூத்தவன் தொடக்கநிலை 6, அவனுக்குக் கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

செங்காங் வாசகி:

முதல் அத்தியாயம் முடிந்ததும் இந்த இழையிலேயே போடு நிலா. குழுவில் பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் வாசித்துக் காட்டுகிறேன். எந்த இடத்தில் அவர்கள் குறுக்கே கேள்வி கேட்கிறார்கள், எந்த இடத்தில் நெளிகிறார்கள் என்று குறித்து உனக்கு அனுப்புகிறேன். பழைய முரசு ஐயா, கைதிகள் பற்றிய விவரங்களை நீங்கள் ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தால் நல்லது.

பழைய முரசு வாசகர்:

அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துக் கொடுக்கிறேன்.